எரேமியா 29:11 என் விஷயத்தில் பொய்த்துவிட்டதா?

கேள்வி: "ஐயா, போன வருட ஆரம்பத்தில் எரேமியா 29:11-ஐ என் வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டேன். அடுத்த சில வாரங்களிலேயே அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று வசனத்தில் இருக்கிறதே, நான் எதிர்பார்த்தது அம்மாவின் சுகம் ஒன்றைத்தான். தினமும் அந்த வசனத்தைச் சொல்லித்தான் ஜெபித்தேன். பத்தாவது மாதத்தில் அம்மா போய்விட்டார். 'விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும்' என்று ஜெபக்குழுவில் ஒரு சகோதரி சொன்னார். இப்போது காலையில் ஃபோனில் தினவசனம் வந்தாலே எரிச்சல் வருகிறது. வேதம் வாசிக்க உட்கார்ந்தால் நாலு வரி தாண்டுவதில்லை. இரவில் தூக்கமும் இல்லை. அம்மாவின் வேதாகமம் அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் தேதி போட்டு ஏதாவது எழுதிவைப்பது அவர் வழக்கம். அதைத் திறக்கவே பயமாக இருக்கிறது. வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா?" (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கடைசிக் கேள்விக்கு நேராக வருகிறேன். வசனமும் பொய்யில்லை, உங்கள் விசுவாசமும் பொய்யில்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அந்த அதிகாரத்தையே சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். அதற்கு நீங்கள் என்னோடு கொஞ்ச நேரம் எரேமியாவின் புத்தகத்தில் உட்கார வேண்டும். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை என்கிறீர்கள், பரவாயில்லை, இப்போதைக்கு நான் வாசித்துச் சொல்கிறேன்.

முதலில், 29-ம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு கூட்டம் மக்களைப் பிடித்துக்கொண்டு போகிறான். ராஜா எகொனியா, அவனுடைய தாயார், பிரபுக்கள், தச்சர், கொல்லர் என்று 2-ம் வசனம் பட்டியலே போடுகிறது. வீட்டையும் ஆலயத்தையும் சொந்தக்காரர்களின் கல்லறைகளையும் விட்டுவிட்டு அந்நிய தேசத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஜனங்களுக்குத்தான் எரேமியா எருசலேமிலிருந்து எழுதுகிறார். நீங்கள் வருடம் முழுக்கச் சொல்லி ஜெபித்த வசனம் அந்தக் கடிதத்தின் நடுவில் வருகிற ஒரு வரி. அதற்கு முந்தின வரி, அதாவது 10-ம் வசனம் என்ன சொல்கிறது தெரியுமா? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்புதான் கர்த்தர் அவர்களைச் சந்தித்துத் திரும்பி வரப்பண்ணுவார் என்கிறது.

எழுபது வருஷம்! அதை எங்கிருந்து எண்ணுவது என்பதில் பல கணக்குகள் உண்டு, அது இருக்கட்டும். பாபிலோன் பெர்சியரிடம் விழுந்தது கி.மு. 539-ல், அப்புறம்தான் கோரேஸ் ராஜா ஜனங்களை ஊருக்குப் போக விட்டான். இந்தக் கடிதம் சத்தமாக வாசிக்கப்பட்டபோது அந்தக் கூட்டத்தில் நாற்பது வயதில் ஒரு தச்சர் நின்றிருந்தால் அவர் திரும்பிப் போயிருக்கவே முடியாது. பாபிலோனில்தான் இறந்திருப்பார், அங்கேதான் அவரைப் புதைத்திருப்பார்கள். கடிதத்தை எழுதிய எரேமியாவும் அந்தத் திரும்புதலைக் கண்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. அவரையும் பிற்பாடு எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் (43-ம் அதிகாரம்).

ஆக, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வார்த்தையை முதன்முதலில் காதால் கேட்ட பெரியவர்களில் அநேகர் அது நிறைவேறுவதைப் பார்க்காமலேயே போய்ச்சேர்ந்தார்கள். அவர்களிடம் கர்த்தர் பொய் சொன்னாரா? இல்லை. அவர்களுடைய விசுவாசம் குறைந்ததால்தான் செத்தார்களா? அதுவும் இல்லை. இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் எபிரெயர் 11:13 சொல்கிறது: "இவர்களெல்லாரும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு... விசுவாசத்தோடே மரித்தார்கள்." அடையாமல், ஆனால் விசுவாசத்தோடே. இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்கிறதைப் பாருங்கள். உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தை மெதுவாக இன்னொரு தடவை வாசியுங்கள்.

இப்போது "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்ற வார்த்தைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனசு குத்துப்பட்டது சரியாக அந்த இடத்தில்தான். நாம் சின்ன வயசிலிருந்து வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது இப்படித்தான் இருக்கிறது. இதை வாசிக்கிற யாருக்கும் 'நான் எதை எதிர்பார்க்கிறேனோ அதைத் தருவார்' என்றுதான் தோன்றும், அது உங்கள் தப்பில்லை. ஆனால் எபிரெயு மூலத்தில் அங்கே இரண்டு பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று 'அகரீத்', பின்னால் வரப்போகும் காலம் அல்லது முடிவு. இன்னொன்று 'திக்வா', நம்பிக்கை. எதிர்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்பதுதான் அதன் நேரான அர்த்தம், புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் அப்படித்தான் போட்டிருக்கின்றன. இந்த 'திக்வா' என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் ஒரு பொருள் உண்டு. யோசுவா 2-ம் அதிகாரத்தில் எரிகோ பட்டணத்து ராகாப் தன் ஜன்னலில் கட்டிவைத்த சிவப்புக் கயிற்றுக்கு இதே சொல்தான் வருகிறது. ஊர் மதில் இடிந்து விழுகிற நாள் வரைக்கும் அந்த ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கயிறு அது. எரேமியா 29-ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வரும்.

இன்னொரு விஷயம் தமிழில் வாசிக்கிற நமக்கு ஒரு வசதியாகவும் ஒரு இடறலாகவும் இருக்கிறது. அந்த வசனத்தில் 'நீங்கள்' என்று வருகிறது. நாம் பேசுகிற தமிழில் மரியாதைக்காக ஒருவரைக்கூட 'நீங்கள்' என்போம், அதனால் கர்த்தர் நம்மோடு தனியாகப் பேசுவதுபோல அது காதில் விழுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அப்படி இல்லை. அங்கே தேவன் தனி ஆளோடு பேசினால் ராஜாவானாலும் தீர்க்கதரிசியானாலும் 'நீ'தான், 'நீங்கள்' வந்தால் அது கூட்டம். லூக்கா 22:31-ஐ எடுத்துப் பாருங்கள், இயேசு சீமோன் பேதுருவிடம் பேசுகிறார், சாத்தான் "உங்களைப் புடைக்கிறதற்கு" உத்தரவு கேட்டான் என்கிறார், அது சீஷர்கள் எல்லாரையும் சேர்த்து. அடுத்த வசனத்திலேயே "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று பேதுருவுக்கு மட்டும் திரும்புகிறார். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் வாசிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று தெரியாது, நமக்குக் கண்ணெதிரே இருக்கிறது. எரேமியா 29:11-ல் இருப்பது கூட்டத்துக்கான 'நீங்கள்'. இறந்துபோகப்போகிற தச்சரும், அவருடைய மகளும், இன்னும் பிறக்காத பேரனும் சேர்ந்த ஒரு 'நீங்கள்'. உங்கள் அம்மாவும் நீங்களும் சேர்ந்துதான் அந்த வார்த்தைக்குள் இருக்கிறீர்கள். அவர் போனதால் அந்த வாக்கு பாதியில் அறுந்துவிடவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் ஒருவருடைய படுக்கை அருகே நின்று, அவர் குடும்பத்தார் எல்லாரும் கேட்க, "கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார், சாட்சி சொல்ல ஆயத்தமாயிருங்கள்" என்று அழுத்திச் சொன்னேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கர்த்தரும் சொல்லச் சொல்லவில்லை. நாலாம் நாள் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவருடைய மகள் வாசலில் வந்து நின்றாள். பதினாறு பதினேழு வயசு இருக்கும். "ஐயா, நீங்க சொன்னீங்களே" என்றாள், அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கவில்லை. கையில் செருப்பை எடுத்துக்கொண்டு நான் நின்றுகொண்டேயிருந்தேன், பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரி எரேமியா 28-ஐ வாசித்தேன். அதுவரை அதைத் தாண்டித் தாண்டி 29-க்குப் போனவன்தான் நானும்.

28-ம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். அவன் ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக, இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், ஆலயத்தின் பணிமுட்டுகளும், அதாவது பாத்திரங்களும், வந்துவிடும் என்று கர்த்தருடைய பெயராலேயே சொல்கிறான். பிற்பாடு எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! அவன் சொன்னதைக் கேட்டதும் எரேமியா என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அதுதான் ஆசை, ஜனங்கள் சீக்கிரம் வந்தால் அவரைவிடச் சந்தோஷப்படுகிறவர் யார்? ஆனால் தன் ஆசையைக் கர்த்தரின் வார்த்தையாக்கி விற்க அவரால் முடியவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் அனனியாவாக இருந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பப் போய், தப்பு என்னுடையது, உங்கள் அப்பாவின் விசுவாசத்திலோ உன் விசுவாசத்திலோ இல்லை என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அழுதாள். நானும் அழுதேன்.

அதனால்தான் உங்கள் ஜெபக்குழுவில் அந்தச் சகோதரி சொன்னதை என்னால் சும்மா விட முடியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், பயத்தில் சொல்லியிருப்பார். ஒரு காரணம் கிடைத்துவிட்டால் தன் வீட்டுக்கு இது வராது என்று ஒரு தைரியம். ஆனாலும் அது தப்பான வார்த்தை. பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக இருந்தான், தேவன் அவனுக்கு இரங்கினார், பிழைத்தான் என்று பிலிப்பியர் 2-ல் எழுதுகிறார். அதே பவுல் 2 தீமோத்தேயு 4:20-ல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார். இரண்டு பேரும் உடன் ஊழியர்கள், இரண்டு பேருக்காகவும் ஜெபித்த கை ஒன்றுதான். ஒருவன் எழுந்தான், இன்னொருவனைப் படுக்கையில் விட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர வேண்டியிருந்தது. துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி பவுல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, விளக்கமும் கொடுக்கவில்லை. யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்து காரணம் தேட ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அந்தச் சகோதரியிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம். மறுபடியும் சொன்னால் "அக்கா, அது எனக்கு வலிக்குது, இனி அதைச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எரிச்சல் வருகிறது என்று எழுதும்போது உங்களுக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு இருந்ததை நான் கவனித்தேன். 29-ம் அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் வாசித்தால் ஒன்று தெரியவரும், இந்தக் கடிதம் போய்ச்சேர்ந்ததும் பாபிலோனில் இருந்த செமாயா என்பவனுக்கு வந்ததும் கோபம்தான். சிறையிருப்பு நெடுங்காலம் இருக்கும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதுகிறானே, இவனை ஏன் இன்னும் கண்டிக்கவில்லை என்று எருசலேமுக்குப் பதில் கடிதமே அனுப்பினான். அவன் பொய்த் தீர்க்கதரிசி, உங்களை அவனோடு சேர்க்கவில்லை. நாம் சுவரில் மாட்டிவைக்கிற இந்த வசனம் இருந்த கடிதம் அன்றைக்கே கேட்கச் சுகமான கடிதமாக இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் தினவசனத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள். பாவமொன்றும் இல்லை. வசன எண்கள் எல்லாம் பிற்காலத்தில் வந்தவை, புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பார்க்கும் வசனப் பிரிவை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டது 1551-ல்தான். அதுவரை ஆயிரத்து நானூறு வருடத்துக்கும் மேலாகச் சபை அந்த எண்கள் இல்லாமல்தான் வாசித்துக் கேட்டது. தனி வசனம் மனப்பாடம் பண்ணுவது நல்லதுதான், நானும் பண்ணுகிறேன், ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு ஒற்றை வசனம் சில சமயம் மாத்திரைத் துண்டுபோல ஆகிவிடுகிறது, விழுங்கியும் வலி நிற்காவிட்டால் மாத்திரை மேலேயே வெறுப்பு வரும். பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது பரீட்சைக்கும் போட்டிக்கும் போகிற வசனமாகிவிட்டது, அதற்கு முந்தின வசனத்தில் பவுல் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறார் என்பது மறந்துபோகிறது.

அதற்குப் பதில் என்ன வாசிப்பது? சங்கீதம் 13. ஆறே வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறார் தாவீது. அதைச் சத்தமாக வாசியுங்கள், மனசுக்குள் வேண்டாம், குரல் வெளியே வரட்டும். ஐந்தாம் ஆறாம் வசனத்தில் துதி வருகிறது. அது இப்போது உங்கள் வாயில் வரவில்லையென்றால் நாலாவது வசனத்தோடு நிறுத்திவிடலாம், மீதியை இன்னொரு நாள் வாசித்துக்கொள்ளலாம். அதுவும் அதிகமாகத் தோன்றினால் 88-ம் சங்கீதம் இருக்கிறது. எஸ்ராகியனாகிய ஏமான் பாடினது. "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று ஆரம்பித்து, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது. கடைசியில் ஒரு நன்றியோ ஒரு அல்லேலூயாவோ கிடையாது. அப்படியே நின்றுவிடுகிறது. இதை வேதத்துக்குள் சேர்த்தவர்கள் யாரும் கடைசியில் ஒரு நல்ல வரியை ஒட்டவைக்கவில்லை. ஏமானுக்கு அங்கே இடம் இருந்ததென்றால் உங்களுக்கும் இடம் இருக்கிறது. நாலு வரியோடு புத்தகத்தை மூடிவைக்கிற ஒருவர் இன்னும் தினமும் அதைத் திறக்கிறார் என்பதையும் நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சொன்னபோது, தேவதூதன் வந்து முதலில் எந்தப் பிரசங்கமும் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார், அதற்கும் விட்டான். இரண்டாம் தடவை எழுப்பித்தான் பயணம் வெகுதூரம் என்று சொன்னான். நாலைந்து மாதமாகத் தூக்கம் இல்லையென்றால் தயவுசெய்து ஒரு டாக்டரைப் பாருங்கள், விசுவாசத்துக்கும் அதற்கும் முரண்பாடு இல்லை. சாப்பாட்டை விடாதீர்கள்.

அப்புறம், அந்தக் கடிதத்தில் வாக்குத்தத்தம் வருவதற்கு முன்னால் கர்த்தர் செய்யச் சொன்ன காரியங்கள் எவ்வளவு சாதாரணமானவை பாருங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். பிறகு 7-ம் வசனம், உங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிறது. அந்த ஒரே வசனத்தில் மூன்று தடவை வருகிற 'ஷாலோம்' என்ற எபிரெயுச் சொல்தான் 11-ம் வசனத்தில் "சமாதானத்துக்கேதுவான" என்று திரும்ப வருகிறது. நாம் 11-ஐ மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டதால் அது எங்கே வேர் விட்டிருந்தது என்பது தெரியாமல் போய்விட்டது. உங்களுக்கு இப்போது அந்நிய தேசம் எதுவென்றால் அம்மா இல்லாத வீடுதான். அந்த வீட்டில் குடியிருப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, அம்மாவின் சாவில் உங்களைப் போலவே உடைந்துபோயிருக்கிற இன்னொருவர் வீட்டில் இருந்தால் அவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்பது, இதெல்லாம் அந்தக் கடிதத்துக்குக் கீழ்ப்படிவதுதான். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவின் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் யாராவது ஞாபகம் இருந்தால், மனசு இடங்கொடுக்கிற ஒரு நாளில் அவருக்காக ஒரு நிமிஷம் ஜெபியுங்கள், அவ்வளவு போதும்.

கடைசியாக, அந்த அலமாரி. அவசரப்பட வேண்டாம், சங்கீதம் 13-ஐ உங்கள் சொந்த வேதாகமத்திலேயே வாசியுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, பகல் நேரத்தில், கூட யாராவது இருக்கும்போது அம்மாவுடையதை எடுங்கள். எரேமியா 29-ஐத் திறந்து, 11-க்குப் போகாமல், முதல் வசனத்திலிருந்து 14 வரை வாசியுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் அடுத்த நாள் தொடருங்கள். பென்சில் எழுத்து கண்ணில் பட்டால் நின்று, அந்தத் தேதி எது என்று பாருங்கள், நோய் வந்ததற்கு முன்பா பின்பா என்று. அங்கே அம்மா ஏதாவது எழுதியிருந்தால், உங்களுக்குச் சம்மதமானால், எனக்கும் எழுதி அனுப்புங்கள்.